விளையாட்டுக் கணினிக்கு ஏற்ற மின்வழங்கி: செஞ்சி வட்டாரத்திலிருந்து ஒரு வரலாறு

கணினி மின்வழங்கி என்பது சுவரில் உள்ள பிளக்கிலிருந்து வரும் மாறுதிசை மின்னோட்டத்தை, கணினியின் உறுப்புகளுக்குத் தேவையான தாழ்ந்த நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தரும் பெட்டியாகும். தமிழ்நாட்டுக் கடைகளிலும் பழுதுபார்க்கும் இடங்களிலும் இதன் பெயர் எஸ்எம்பிஎஸ். விளையாட்டுக்கென்று கணினி அசெம்பிள் செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் செயலிக்கும் கிராஃபிக்ஸ் அட்டைக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, மீதியில் எஸ்எம்பிஎஸ் வாங்குகிறார்கள். மற்ற எல்லா உறுப்புகளும் இந்தப் பெட்டியின் வழியாகத்தான் மின்சாரம் பெறுகின்றன. தரமற்ற ஒன்று எரியும்போது மதர்போர்டையும் கிராஃபிக்ஸ் அட்டையையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும்.

எத்தனை வாட் வேண்டும் என்பதே பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்து சேரும் மின்சாரம் எப்படிப்பட்டது என்பதே அது. இக்கேள்வியின் வரலாற்றுப் பின்னணியை, விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள மண்டகப்பட்டைச் சூழ்ந்த வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டாரமும் மின்சாரமும்

மண்டகப்பட்டு முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குடைவரைக் கோயிலால் அறியப்படும் ஊர். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் இக்கோயில் எடுக்கப்பட்டது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. இவ்வூரைச் சுற்றியுள்ள செஞ்சி வட்டாரம் நெல்லும் மணிலாவும் கரும்பும் விளையும் வேளாண் பகுதி. கிணற்றுப் பாசனம் இங்கு முக்கியமானது. இங்குள்ள மின்சாரத்தின் கதையைக் கிணற்று மோட்டாரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

சென்னை மாகாணத்தில் பொதுப் பயன்பாட்டுக்கான மின்சாரம் முதலில் நகரங்களில்தான் பரவியது. சென்னையில் 1895-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும், மேட்டூர் நீர்மின் நிலையம் 1937-லும், பாபநாசம் 1944-லும் செயல்படத் தொடங்கின. பல மாவட்டங்களில் தனியார் நிறுவனங்கள் உரிமம் பெற்று மின்சாரம் வழங்கின. செஞ்சி அப்போது அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தில் சவுத் ஆற்காடு எலெக்ட்ரிசிட்டி டிஸ்ட்ரிபியூஷன் கம்பெனி அப்படிப்பட்ட ஒன்று. இத்தகைய நிறுவனங்களைக் கையகப்படுத்த 1954-ல் சென்னை அரசு சட்டம் இயற்றியது. 1957 ஜூலை 1 அன்று மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. 1962-ல் அதே தென்னார்க்காட்டின் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு அனல்மின் உற்பத்தி தொடங்கியது.

வாரியத்தின் முதல் பத்தாண்டுகளின் பெரும்பணி, சிற்றூர்களுக்கும் கிணறுகளுக்கும் கம்பி இழுப்பதாக இருந்தது. எண்ணெய் எஞ்சின்களும் கவலை ஏற்றமும் இருந்த இடத்தில் மின்மோட்டார் வந்தது. 1990-ல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் அறிவிக்கப்பட்டது. வேளாண்மைக்கு இது பெரும் துணையாயிற்று. அதே நேரத்தில், ஊர்களின் தாழ்மின்னழுத்தக் கம்பிகள் வீட்டு விளக்குகளையும் வயல் மோட்டார்களையும் ஒருங்கே சுமக்கும்படி ஆயின.

கம்பியின் கடைசி வீடு

ஊர் மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்து வீடுகளுக்கு ஏற்ற அளவில் தருகிறது. இந்தியாவில் ஒரு முனை இணைப்பின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். தாழ்மின்னழுத்த வழங்கல் அறிவிக்கப்பட்ட அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கூறின.

கம்பிக்கு மின்தடை உண்டு. அதில் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறதோ அவ்வளவு வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீட்டில் 230 வோல்ட் இருக்கும்போதே, நீண்ட கம்பியின் கடைசியில் உள்ள வீட்டில் அது 180-க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். மும்முனை மின்சாரம் விடப்பட்டு மோட்டார்கள் ஓடும்போது இறக்கம் கூடும். மோட்டார்கள் நின்றதும் மின்னழுத்தம் எழும்பும். பழைய செப்புச் சோக் பொருத்திய குழல்விளக்கு மாலையில் எரியாமல் மினுக்கிக்கொண்டே இருந்து, இரவு வெகுநேரம் கழித்துப் பளிச்சென்று எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. தொலைக்காட்சிப் பெட்டியோடு ஸ்டெபிலைசரும் வாங்கும் வழக்கம் தென்னிந்தியாவில் இதனால் ஏற்பட்டது. கொச்சியில் 1977-ல் தொடங்கிய வி-கார்டு நிறுவனத்தின் முதல் பொருள் ஸ்டெபிலைசர்தான்.

மின்னழுத்தம் மிகக் கூடுவதும் நடக்கும். மும்முனைக் கம்பிகளுக்குப் பொதுவான நியூட்ரல் கம்பி அறுந்தால், ஒரு முனை வீடுகளில் 230-க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கும் அளவுகூட வந்துவிடும். ஒரு தெருவே மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஒரே நாளில் இழப்பது இவ்வாறுதான். 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரையைக் கடந்த தானே புயல் போன்றவை மின்கம்பங்களைச் சாய்க்கும்போது இந்த ஆபத்து பெருகுகிறது.

எஸ்எம்பிஎஸ் பிறந்த கதை

தொடக்கக் கால மின்னணுக் கருவிகளில் இரும்பு உள்ளகம் கொண்ட கனமான மின்மாற்றி இருந்தது. அது சுவர் மின்சாரத்தை நேரடியாகக் குறைத்தது. மிகுதியான வோல்ட்டைச் சீராக்கிகள் வெப்பமாகக் கழித்தன. எடையும் சூடும் அதிகம். சுவரில் மின்னழுத்தம் குறைந்தால் வெளியீடும் ஆட்டம் கண்டது.

எஸ்எம்பிஎஸ் வேறு வழியில் செயல்படுகிறது. முதலில் சுவர் மின்சாரத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட்; அந்த அளவில் அது பெரிய மின்தேக்கியில் தேங்குகிறது. பிறகு டிரான்சிஸ்டர்கள் அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்துச் சிறிய மின்மாற்றிக்கு அனுப்புகின்றன. அதிர்வெண் உயர்ந்தால் மின்மாற்றி சிறிதாகலாம். வெளியீடு குறைந்தால் டிரான்சிஸ்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும். கூடினால் குறைந்த நேரம் திறந்திருக்கும். இதனால் உள்ளீடு ஓரளவு ஏறி இறங்கினாலும் வெளியீடு நிலையாக இருக்கிறது.

விண்வெளி, இராணுவக் கருவிகளில் முன்பே இருந்த இந்நுட்பம், உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும் டிரான்சிஸ்டர்கள் 1970-களில் மலிந்தபோது வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. 1977-ல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்தது 38 வாட் எஸ்எம்பிஎஸ். 1981-ல் வந்த ஐபிஎம் தனிநபர் கணினியில் இருந்தது 63.5 வாட். 1983-ன் எக்ஸ்டி மாதிரியில் 130 வாட்டும், 1984-ன் ஏடி மாதிரியில் 192 வாட்டும் இருந்தன. இந்தக் கடைசி மாதிரியின் அமைப்பையே பல நிறுவனங்கள் பின்பற்றியதால், எந்தக் கடையிலும் எந்தக் கணினிக்கும் பொருந்தும் எஸ்எம்பிஎஸ் கிடைக்கும் நிலை உருவாயிற்று. சென்னை ரிச்சி தெருவில் உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கிக் கணினி அசெம்பிள் செய்யும் பழக்கத்துக்கும் இந்தப் பொதுமையே அடிப்படை.

சிவப்புச் சுவிட்ச்

அமெரிக்காவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரே பெட்டியை இரு சந்தைகளிலும் விற்கப் பின்புறத்தில் 115, 230 என்று குறித்த சிவப்புச் சுவிட்ச் வைக்கப்பட்டது. 115-ல் விட்டுவிட்டு இந்தியப் பிளக்கில் செருகினால் பெட்டி வெடிச்சத்தத்துடன் செயலிழக்கும். பழுதுபார்ப்பவர்கள் பலர் இதைக் கண்டிருப்பார்கள்.

இந்தச் சுவிட்சுக்குச் சிற்றூரைப் பொறுத்தவரை இன்னொரு பொருளும் இருந்தது. இன்டெல் நிறுவனம் 1995-ல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரநிலையை ஒட்டிய வழிகாட்டிகளில், 230 நிலைக்கு உரிய உள்ளீட்டு எல்லை சுமார் 180 முதல் 265 வோல்ட் வரை என்று குறிக்கப்பட்டது. நகரத்தில் இது தாராளமான எல்லை. கம்பியின் கடைசி வீட்டில் மாலை நேரத்தில் 170 வோல்ட் வந்தால், அந்தப் பெட்டி தன் எல்லைக்கு வெளியே ஓடுகிறது. உள்ளே தேங்கும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். 230-லிருந்து 170 வோல்ட்டுக்கு இறங்கினால் மின்தேக்கியில் உள்ள ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஒரு கணம் விளக்கு மங்கினாலும் கணினி அணைந்து மீண்டும் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஐரோப்பிய விதி ஒன்றின் பயன்

இச்சிக்கலுக்கான தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. சாதாரண எஸ்எம்பிஎஸ் மின்னலையின் உச்சத்தில் மட்டும் மின்னோட்டத்தை வெடுக்கென்று இழுக்கும். இலட்சக்கணக்கான கணினிகள் இப்படி இழுத்தால் மின்கட்டமைப்பின் அலை சிதையும். 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 75 வாட்டுக்கு மேற்பட்ட இத்தகைய கருவிகளுக்குச் சிதைவு வரம்பை நடைமுறைப்படுத்தியது. அதை நிறைவேற்ற, திறன் காரணியைத் திருத்தும் சுற்றமைப்பு மின்வழங்கிகளுக்குள் வந்தது. கடைகளில் இது ஆக்டிவ் பிஎஃப்சி எனப்படுகிறது.

இந்தச் சுற்றமைப்பு உள்வரும் மின்னழுத்தம் எவ்வளவாக இருந்தாலும் அதைச் சுமார் 380 முதல் 400 வோல்ட் வரை உயர்த்தி மின்தேக்கியில் நிரப்புகிறது. ஆகவே சுவரில் 170 வோல்ட் இருந்தாலும் உள்ளே உள்ள சேமிப்பு குறைவதில்லை. சிவப்புச் சுவிட்சும் தேவையில்லை. இவ்வாறு வடிவமைத்த முழு எல்லைப் பெட்டியின் லேபிளில் 100–240 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருக்கும். ஐரோப்பாவின் மின்கட்டமைப்பைக் காக்க வந்த விதி, மோட்டார் ஓடும் நேரத்தில் கணினி இயக்கும் செஞ்சி வட்டாரத்து மாணவருக்கும் உதவியது.

ஆனால் ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எல்லாப் பெட்டிகளும் முழு எல்லையில் இயங்குவதில்லை. விலையைக் குறைப்பதற்காக 230 வோல்ட் நாடுகளுக்கென்றே செய்யப்படும் சில மாதிரிகளின் லேபிளில் 200–240 வோல்ட் என்று மட்டுமே இருக்கும். பெயரும் வாட்டும் நிறமும் ஒன்றாகவே தோன்றும். நகர வீட்டில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. தாழ்மின்னழுத்தம் உள்ள ஊரில் இந்த ஒரு வரியே மிகவும் முக்கியமான வரி.

விளையாட்டு அட்டைகளும் 12 வோல்ட்டும்

1990-களின் கணினி 5 வோல்ட், 3.3 வோல்ட் இணைப்புகளிலிருந்தே பெரும்பகுதி மின்சாரத்தைப் பெற்றது. 2000-ல் பென்டியம் 4 செயலியை ஒட்டி, செயலிக்கென்று தனியான 4 முனை 12 வோல்ட் இணைப்பு வந்தது. அதே காலத்தில் கிராஃபிக்ஸ் அட்டைகளும் பசியெடுக்கத் தொடங்கின. 2000-ல் வந்த வூடூ5 5500 அட்டைக்குத் தனி மின்கம்பி தேவைப்பட்டது. பிசிஐ எக்ஸ்பிரஸ் தரநிலையில் அட்டை செருகும் பள்ளத்தின் வழியே 75 வாட் வரை கிடைக்கும். 6 முனைக் கம்பி மேலும் 75 வாட்டும், 8 முனைக் கம்பி 150 வாட்டும் தரும். இன்று விளையாட்டுக் கணினியின் ஏறத்தாழ முழுச் சுமையும் 12 வோல்ட்டில்தான் விழுகிறது.

லேபிளில் வாட்டுக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது 12 வோல்ட்டுக்கு நேராக உள்ள ஆம்பியர். எடுத்துக்காட்டாக, 450 வாட் என்று பெரிதாக எழுதிய ஒரு பெட்டியில் 12 வோல்ட் 16 ஆம்பியர் என்று இருந்தால், விளையாட்டுக் கணினிக்குப் பயன்படுவது 192 வாட் மட்டுமே. நல்ல 450 வாட் பெட்டியில் 12 வோல்ட்டின் பங்கு மொத்த வாட்டை நெருங்கியிருக்கும். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படும் விலை குறைந்த பெட்டிகளில் உள்ளீட்டு வடிகட்டி, மிகை மின்னழுத்தத் தடுப்பு, குறுக்குச் சுற்றுத் தடுப்பு போன்றவற்றில் சில இல்லாமல் போவது உண்டு. மண்டகப்பட்டின் மன்னன் தான் பயன்படுத்தாத பொருள்களைக் கல்லில் பட்டியலிட்டான்; இப்பெட்டிகளின் லேபிள்கள் விடுபட்டவற்றைச் சொல்வதில்லை.

2000-களின் தொடக்கத்தில் தரமற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் மதர்போர்டுகளிலும் மின்வழங்கிகளிலும் உப்பி வெடித்தன. மின்வழங்கியின் ஆயுள் அதன் மின்தேக்கிகளின் ஆயுளே என்பது அப்போது பலருக்கும் புரிந்தது.

மின்வெட்டு ஆண்டுகள்

2008 முதல் 2013 வரை தமிழ்நாடு கடும் மின்பற்றாக்குறையைச் சந்தித்தது. தேவை வளர்ந்த வேகத்தில் உற்பத்தி வளரவில்லை. காற்றாலை மின்சாரம் பருவத்துக்குப் பருவம் மாறியது. வடக்கிலிருந்து மின்சாரம் கொண்டுவரப் போதிய வழித்தடம் இல்லை. 2012-ல் சென்னையில் இரண்டு மணி நேரமாக இருந்த மின்வெட்டு, பிற மாவட்டங்களில் ஒரு நாளில் பல மணி நேரத்துக்கு நீண்டது. 2013-ல் கூடங்குளத்தின் முதல் அலகு மின்கட்டமைப்போடு இணைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் வழித்தடம் மூலம் தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் பிற பகுதிகளோடு இணைக்கப்பட்டது. அதன் பிறகு நிலைமை படிப்படியாகச் சீரடைந்தது.

இந்த ஆண்டுகள் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தன. பலரும் வாங்கியது விளக்கும் விசிறியும் ஓடுவதற்கான சதுர அலை இன்வெர்ட்டர். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் சில வேளைகளில் அந்தச் சதுர அலையை ஏற்காமல் அணைந்துவிடும், அல்லது கீச்சென்று ஒலி எழுப்பும். பழைய மலிவுப் பெட்டி அதே இன்வெர்ட்டரில் ஓடும். விலை கூடிய பெட்டி பழுது என்று தவறாக முடிவு செய்ய இது இடமளித்தது. கோளாறு பெட்டியில் இல்லை. சைன் அலை தரும் இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இருந்தால் அது சீராக ஓடும்.

இன்னொன்று நேரம். மின்சாரம் நின்ற பின் எஸ்எம்பிஎஸ் தன் மின்தேக்கியில் உள்ளதைக் கொண்டு வெளியீட்டைத் தாக்குப்பிடிக்கும் காலம் ஏடிஎக்ஸ் வழிகாட்டிகளில் சுமார் 17 மில்லிவிநாடி. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சி 16.7 மில்லிவிநாடி. நமது 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லிவிநாடி ஆகும். இன்வெர்ட்டர் யுபிஎஸ் நிலையில் சுமார் 10 மில்லிவிநாடியில் மாறினால் கணினி அணையாது. சாதாரண நிலையில் அது 20 முதல் 40 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால் கணினி அணைந்துவிடும். 2023-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.1 பதிப்பு, முழுச் சுமையில் 12 மில்லிவிநாடி தாக்குப்பிடித்தாலே போதும் என்று தளர்த்தியது. புதிய தரநிலை என்பதாலேயே அது மின்வெட்டுள்ள ஊருக்குக் கூடுதல் பொருத்தமாகிவிடாது.

80 பிளஸ் முத்திரையும் மின்கட்டணமும்

உள்ளே போகும் மின்சாரத்தில் எவ்வளவு கணினிக்குக் கிடைக்கிறது என்பதே பயனுறுதிறன். 2004-ல் அமெரிக்காவில் 80 பிளஸ் திட்டம் தொடங்கியது. 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் குறைந்தது 80 விழுக்காடு பயனுறுதிறன் இருந்தால் முத்திரை கிடைக்கும். பின்னர் பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் எனப் படிகள் சேர்ந்தன.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 300 வாட் சுமைக்கு 85 விழுக்காடு பயனுறுதிறன் உள்ள பெட்டி சுவரிலிருந்து சுமார் 353 வாட் இழுக்கும். 70 விழுக்காடு உள்ளது சுமார் 429 வாட் இழுக்கும். நாள்தோறும் நான்கு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 110 யூனிட் வீணாகும். 2016 முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. அதைவிடக் கூடுதலான மின்சாரம் ஆண்டுதோறும் வெறும் சூடாகப் போகிறது.

இம்முத்திரைக்கு எல்லை உண்டு. சோதனை சுமார் 23 பாகை வெப்பத்தில் நடக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக் கோடையில் அறை வெப்பமே 40 பாகையை நெருங்கும். கேபினெட்டுக்குள் இன்னும் கூடும். பெட்டியின் முழு வாட் எந்த வெப்பநிலையில் கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் 40 பாகை, 50 பாகை என்று குறிப்பிடுவது உண்டு. 50 பாகை என்று உள்ளதே நமக்கு ஏற்றது. மேலும், 80 பிளஸ் பாதுகாப்புச் சுற்றுகளையோ தாழ்மின்னழுத்தத் தாங்குதிறனையோ சோதிக்கும் முத்திரை அல்ல.

தேர்வு முறை

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ரைசன் 5 5600 செயலிக்கு 88 வாட் ஒதுக்குவோம். 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 அட்டைக்கு 115 வாட். மதர்போர்டு, நினைவகம், சேமிப்பகம், விசிறிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 55 வாட். மொத்தம் 260 வாட்டை ஒட்டி வருகிறது. 550 வாட் பெட்டி இதற்குப் போதும். பாதிச் சுமையில் ஓடுவதால் சூடும் ஒலியும் குறையும். 850 வாட் வாங்குவதால் விளையாட்டு வேகம் கூடாது. அந்தப் பணத்தில் நல்ல தரமுள்ள 550 வாட் பெட்டியும் யுபிஎஸ்ஸுக்கு ஒரு பங்கும் கிடைக்கும்.

பெரிய அட்டைகளில் கவனம் கூடுதலாகத் தேவை. ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைக்கு மட்டும் 450 வாட். இத்தகைய அட்டைகள் மிகச் சிறிய கணங்களுக்குத் தம் அளவைத் தாண்டி இழுக்கும். அதனால் 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0, புதிய 12 வோல்ட் இணைப்புள்ள பெரிய மின்வழங்கிகள் தம் வாட்டின் இருமடங்குச் சுமையை 100 மைக்ரோவிநாடி தாங்க வேண்டும் என்று வரையறுத்தது. 600 வாட் வரை சுமக்கும் அந்தப் புதிய இணைப்பு முழுமையாகச் செருகப்படாதபோது உருகிய நிகழ்வுகள் அதே ஆண்டில் வெளிவந்தன. பின்னர் அதன் முனைகளின் நீளம் மாற்றப்பட்டது.

வாங்குவதற்கு முன், மோட்டார் ஓடும் மாலையிலும் பின்னிரவிலும் பிளக்கில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று ஊர் மின்பணியாளரைக் கொண்டு மல்டிமீட்டரால் அளந்துகொள்வது நல்லது. 200-க்குக் கீழே இறங்கினால் 100–240 என்று குறித்த முழு எல்லைப் பெட்டியே வாங்க வேண்டும். 260-ஐத் தாண்டினால் எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் அதைத் தனியே சமாளிக்காது. உயர் மின்னழுத்தத்தில் துண்டிக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் தேவை. அடிக்கடி இப்படி நடந்தால் மின்வாரிய அலுவலகத்தில் புகார் அளிப்பதும் தேவை.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ என்ற எண்ணையல்ல, வாட்டைப் பார்க்க வேண்டும். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தரும். மேலே கண்ட கணினி, சுவரிலிருந்து இழுப்பது சுமார் 300 வாட்; திரையையும் சேர்த்தால் 330 வாட். 600 விஏ விளிம்பில் நிற்கும். 1000 விஏ, 600 வாட் கொண்டது பாதுகாப்பானது.

கடைசியாக, எர்த். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி மின்தேக்கிகள் எர்த் கம்பியோடு இணைந்துள்ளன. வீட்டில் எர்த் இல்லையென்றால் கேபினெட்டில் சுமார் 115 வோல்ட் தேங்கி, தொட்டால் கூசும். கடையில் பெட்டியை மாற்றி வாங்கினாலும் இது தீராது. மூன்றாவது முனையை ஒடித்துவிட்டு இரு முனைப் பிளக்கில் செருகுவது மின்னலின்போது கணினிக்கும், தொடுபவர் உயிருக்கும் ஆபத்து. கணினி அசெம்பிள் செய்யும் செலவில் எர்த் போடும் செலவும் ஒரு பகுதி.

மதிப்பீடு

மின்வழங்கியின் வரலாறு பெரும்பாலும் வாட்டுகளின் வளர்ச்சியாகச் சொல்லப்படுகிறது: 63.5 வாட்டிலிருந்து ஆயிரம் வாட் வரை. அது மின்சாரம் நிலையாக வரும் ஊர்களின் வரலாறு. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கணினி வந்து சேர்ந்தது, விளக்குக்கும் மோட்டாருக்கும் இழுக்கப்பட்ட கம்பியில். அந்தக் கம்பியின் ஏற்ற இறக்கங்களைத் தாங்க உதவும் முழு உள்ளீட்டு எல்லையும், தாக்குப்பிடிக்கும் காலமும், பாதுகாப்புச் சுற்றுகளும் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு காரணங்களுக்காக உருவானவை. அவற்றைக் காட்டும் எண்கள் பெட்டியின் லேபிளிலும் விவரத்தாளிலும் சிறிய எழுத்தில் இருக்கின்றன. செஞ்சிப் பக்கத்து வீட்டுக்கு வாங்குபவர், பெரிய எழுத்தில் உள்ள வாட்டுக்கு முன்பாகப் படிக்க வேண்டியவை அவைதான்.